நம்பிக்கை இழந்தவருக்கும் மனநல உதவி உரிமையே

மும்பை: மதத்தில் நம்பிக்கை இழப்பது மனநோய் அல்ல என்பதை இந்தியச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. தம் சமூகத்தில் நிலவும் மத நம்பிக்கைகளுடன் ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது, 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு. ஆனால், இஸ்லாத்தை விட்டு விலகியவர்களை வாட்டும் அச்சமும் தனிமையும் உண்மையானவை. யாரை நம்பிப் பேசுவது என்பதே அவர்கள் முன் நிற்கும் முதல் கேள்வி.

அரணும் சிறையும்

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து, தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887-ல் எழுப்பப்பட்டது. பிழைப்பு தேடி வந்தவர்களுக்கு ஜமாஅத் என்பது தொழுகைக்கான அமைப்பு மட்டுமன்று. வேலை, வாடகை வீடு, திருமணம், இறுதியில் மையவாடியில் ஆறடி நிலம் என வாழ்க்கையின் பல தேவைகளுக்கும் அதுவே துணை.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நடந்த கலவரங்களில் 900 பேர் உயிரிழந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள். கலவரத் தீ தாராவியையும் விட்டுவைக்கவில்லை. இத்தகைய நகரில் சமூகமே பாதுகாப்பு அரணாகவும் விளங்குகிறது. அதை விட்டு விலகுபவர் உள்ளே துரோகியாகப் பார்க்கப்படுகிறார். வெளியிலோ, பெயரைக் கேட்டதும் முஸ்லிம் என்றே ஒதுக்கப்படுகிறார்.

எனவே மௌனம் காப்பவர்கள் உண்டு. ரமலான் மாதத்தில் நோன்பிருப்பதாகக் காட்டிக்கொள்வதும், மனம் ஒப்பாத திருமணத்துக்குத் தலையசைப்பதும் அந்த மௌனத்தின் விலை. நம்பிக்கை அகன்ற பின்னரும், சிறுவயதில் பதிந்த நரக அச்சம் உடனே அகல்வதில்லை. உறக்கமின்மை, பதற்றம், பெற்றோருக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்ற குற்றவுணர்வு ஆகியவை அதனுடன் சேர்கின்றன.

தல்வாய் முதல் ஃபாரூக் வரை

மும்பைக்கு இப்பிரச்சினை புதிதல்ல. முத்தலாக்குக்கு எதிராக 1966 ஏப்ரல் 18-ல் ஏழு முஸ்லிம் பெண்களுடன் இங்கு ஊர்வலம் நடத்தியவர் எழுத்தாளர் ஹமீத் தல்வாய். 1970-ல் புணேயில் முஸ்லிம் சத்யசோதக் மண்டலை அவர் நிறுவினார். 1977 மே 3-ல் மறைந்த அவர், மதச் சடங்குகளின்றித் தம் உடலை எரியூட்ட வேண்டும் எனக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்புகள் சூழ்ந்தபோதும் அவருக்குத் தோழர்களும் அமைப்பும் துணை நின்றனர். பட்டறையில் கூலி வேலை செய்யும் இளைஞருக்கு அத்தகைய துணை எளிதில் வாய்ப்பதில்லை.

கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக், 2017 மார்ச் 16-ல் படுகொலை செய்யப்பட்டார். அவர் நாத்திகக் கருத்துகளை வெளிப்படையாகப் பேசி வந்தவர். எனவே, உயிருக்கு அஞ்சுவதாக ஒருவர் கூறினால், அதை வீண் பிரமை என மனநல ஆலோசகர் ஒதுக்கிவிட முடியாது. சிகிச்சைக்கு முன், அவர் இன்றிரவு எங்கே பாதுகாப்பாகத் தங்குவார் எனக் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டம் தரும் வழி

மதத்தை அறிவிக்குமாறு எவரையும் அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றும், தமக்கு மதம் இல்லை எனக் கூற ஒருவருக்கு உரிமை உண்டு என்றும் 2014 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இஸ்லாத்தை விட்டு விலகியோருக்கு ஷரியத் வாரிசுரிமைச் சட்டம் பொருந்தக் கூடாது எனக் கேரளத்தைச் சேர்ந்த சஃபியா தொடுத்த மனுவின் மீது, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

மனநலச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வழியும் உண்டு. சிகிச்சையின்போது நோயாளியின் சார்பில் செயல்படும் பிரதிநிதிக்கு அவரைப் பற்றிய விவரங்கள் தெரிவிக்கப்படலாம். நோயாளி எவரையும் நியமிக்காவிட்டால், அப்பொறுப்பு பெரும்பாலும் உறவினருக்கே செல்லும். ஆனால் வயது வந்த எவரும், வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, நண்பர் ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம் என்கிறது 14-வது பிரிவு. குடும்பத்துக்குத் தெரியாமல் உதவி நாடுபவருக்கு இந்த ஒரு தாள் பெரும் பாதுகாப்பு.

உதவிக்கான வாசல்களும் தொலைவில் இல்லை. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அருகிலேயே மாநகராட்சியின் சயான் மருத்துவமனை உள்ளது. செம்பூரை அடுத்த தேவ்னாரில் இயங்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம், 2012-ல் 'ஐகால்' தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அணுகலாம்.

பிரிட்டனில் மதத்தை விட்டு விலகியோருக்கு உதவும் 'ஃபெய்த் டு ஃபெய்த்லெஸ்' அமைப்பு, காவல் மற்றும் சமூகப் பணியாளர்களுக்கு இது குறித்துப் பயிற்சியும் அளிக்கிறது. அத்தகைய பயிற்சி இங்கும் அவசியம். "தொழுதால் மனம் அமைதியாகும்" என்று அறிவுரை கூறி அனுப்புவது ஆலோசனை ஆகாது. இஸ்லாத்தைத் தூற்றுவதற்கான சாட்சியாக அவரை மேடையேற்றுவதும் உதவி ஆகாது. பெற்றோரையும் தெருவையும் இன்னும் நேசிக்கும் ஒருவர், அவர்களை இழக்காமல் தம் மனசாட்சிப்படி வாழ வழி தேடுகிறார். அவர் சொல்வதை ரகசியம் காத்துக் கேட்பதே முதல் சிகிச்சை.