உதடே சீவாளி, மூச்சே மூலதனம்... ஜாஸ் டிரம்பெட் மேதைகள் பட்ட பாடும், விட்டுச்சென்ற சொத்தும்!

‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பாடலை ஏதாவது ஒரு படத்திலோ விளம்பரத்திலோ கேட்டிருப்பீர்கள். அந்தக் கரகரப்பான குரலின் சொந்தக்காரர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். அவர் முதலில் டிரம்பெட் கலைஞர், அப்புறம்தான் பாடகர் என்பது பலருக்குத் தெரியாது.

20ஆம் நூற்றாண்டு இசையின் போக்கையே மாற்றியவர்கள் ஜாஸ் டிரம்பெட் கலைஞர்கள். ஆனால், அவர்களில் பலருடைய வாழ்க்கை நோய், விபத்து, போதை, துப்பாக்கிச் சூடு என்று பாதியிலேயே முடிந்துபோனது. ஆள் போன பிறகும் அந்த வாசிப்பு மட்டும் எப்படி நின்றது? விரிவாகப் பார்க்கலாம்.

டிரம்பெட் வாசிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்?

நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்ந்து ஒலி எழுப்பும். டிரம்பெட்டில் சீவாளியே கிடையாது. வாசிப்பவரின் உதடுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். விரல்களுக்கு இருப்பது மூன்றே மூன்று அழுத்துகட்டைகள். அதை வைத்துக்கொண்டு எல்லா ஸ்வரங்களையும் கொண்டுவர வேண்டுமென்றால், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் ஆக வேண்டும். மேல் ஸ்தாயிக்குப் போகப் போக உதட்டுத் தசைக்கு வேலை அதிகம்.

அதனால் உதடு, பல், ஈறு இவற்றில் எது போனாலும் பிழைப்பே போய்விடும். ஆம்ஸ்ட்ராங்கின் உதடு பலமுறை கிழிந்தது. ஊதும் கலைஞர்களுக்கு உதட்டுத் தசை கிழியும் பாதிப்பை, அவருடைய செல்லப் பெயரை வைத்தே ‘சாச்மோ சிண்ட்ரோம்’ என்று மருத்துவ உலகம் அழைக்கிறது. 1966இல் தாக்கப்பட்ட செட் பேக்கர், அதன் பிறகு பற்களை இழந்தார். பல்செட் கட்டிக்கொண்டு, ஊதுவதை ஆரம்பத்திலிருந்து மறுபடி கற்றார்.

எங்கே தொடங்கியது?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில். அங்கே 1900களின் தொடக்கத்தில் கொடிகட்டிப் பறந்தவர் படி போல்டன். டிரம்பெட்டின் நெருங்கிய உறவான கார்னெட் வாசித்தவர். 1907இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு இசைத்தட்டுகூட இன்று நம்மிடம் இல்லை. கேட்டவர்கள் சொன்னதும், கேட்டு வாசித்தவர்கள் கொடுத்ததும்தான் மிச்சம்.

அடுத்து வந்தவர் கிங் ஆலிவர். சிறுவன் ஆம்ஸ்ட்ராங்குக்குச் சொல்லிக்கொடுத்தவர், தன் கார்னெட் ஒன்றையே கொடுத்தவர். ஈறு நோய் முற்றி ஆலிவரால் ஊத முடியாமல் போனது. கடைசியில் சவானா நகரில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து, 1938இல் வறுமையில் இறந்தார். அப்போது அவருடைய சீடர் உலகப் புகழ் பெற்றிருந்தார்.

ஆம்ஸ்ட்ராங் என்ன மாற்றினார்?

1901இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ஆம்ஸ்ட்ராங். 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காக 11 வயதில் பிடிபட்டார். கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைத்தார்கள். அங்கிருந்த பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர்தான் முறையாக கார்னெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

1922இல் ஆலிவர் அவரை சிகாகோவுக்கு அழைத்தார். அதுவரை ஜாஸ் என்றால் எல்லோரும் சேர்ந்து பின்னிப் பின்னி வாசிக்கும் கூட்டு இசை. 1925 முதல் ‘ஹாட் ஃபைவ்’ குழுவோடு ஆம்ஸ்ட்ராங் செய்த பதிவுகள் அதை மாற்றின. ஒரு கலைஞர் முன்னே வந்து, கற்பனையில் தோன்றுவதை அந்த இடத்திலேயே விரித்து வாசிப்பதுதான் ஜாஸின் உயிர் என்று ஆனது. 1928இல் வந்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ தொடக்கத்தில் அவர் தனியாக ஊதும் சில விநாடிகளை, இன்றும் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள்.

மேடையில் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார், வெள்ளையர்களைத் திருப்திப்படுத்துகிறார் என்ற விமர்சனம் அவர் மேல் உண்டு. ஆனால் 1957இல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்களை விடாமல் தடுத்தபோது, அவர் அதிபர் ஐசனோவரை வெளிப்படையாகவே சாடினார். அரசு சார்பில் சோவியத் யூனியனுக்குப் போகவிருந்த பயணத்தையும் உதறினார். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

வளைந்த டிரம்பெட் யாருடையது?

கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்ப, மேல்நோக்கி வளைந்த டிரம்பெட்டை ஊதும் படத்தைப் பார்த்திருந்தால், அவர்தான் டிஸ்ஸி கில்லெஸ்பி. 1953இல் ஒரு விருந்தில் யாரோ தெரியாமல் மேலே விழுந்து டிரம்பெட் வளைந்துவிட்டது. ஊதிப் பார்த்தவருக்கு அந்த ஒலி பிடித்துப்போக, பிறகு அப்படியே செய்யச் சொல்லி வாங்கினார்.

1940களில் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கருடன் சேர்ந்து ‘பீபாப்’ என்ற வேகமான, சிக்கலான பாணியை உருவாக்கியவர் இவர். நடனத்துக்கான இசையாக இருந்த ஜாஸ், உட்கார்ந்து கவனித்துக் கேட்கும் இசையானது இவர்களால்தான். 1956இல் அமெரிக்க அரசு அவரை வெளிநாடுகளுக்கு இசைத் தூதராக அனுப்பியது. கராச்சியில் பாம்பாட்டி ஒருவருடன் அவர் வாசிக்கும் புகைப்படம் அப்போது எடுத்ததுதான்.

25 வயதில் முடிந்த வாழ்க்கை

கிளிஃபோர்ட் பிரவுன் கல்லூரியில் கணிதம் படித்தவர். 1950இல் கார் விபத்தில் சிக்கி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது, மருத்துவமனைக்கே வந்து, வாசிப்பை விட்டுவிடாதே என்று தைரியம் சொன்னவர் கில்லெஸ்பி. பிரவுன் எழுந்து வந்தார்.

ஜாஸ் உலகத்தை ஹெராயின் அரித்துக்கொண்டிருந்த காலம் அது. போதைப்பொருளைத் தொடாமலே உச்சத்துக்குப் போக முடியும் என்று வாழ்ந்து காட்டினார் பிரவுன். சாக்ஸஃபோன் மேதை சோனி ரோலின்ஸ் போதையிலிருந்து மீண்டதில் அவருக்கும் பங்குண்டு. ஆனால் 1956 ஜூன் 26 அன்று, மழை இரவில் இன்னொரு கார் விபத்து. இந்த முறை அவர் பிழைக்கவில்லை. வயது 25தான்.

கதை அதோடு முடிந்ததா என்றால், இல்லை. பிரவுனிடம் பாடம் கேட்ட பிலடெல்பியா சிறுவன் லீ மார்கன், அதே ஆண்டு 18 வயதில் கில்லெஸ்பியின் குழுவில் சேர்ந்தார். பிரவுன் நினைவாக பென்னி கோல்சன் அமைத்த ‘ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்’ மெட்டை அடுத்த ஆண்டே பதிவும் செய்தார்.

மார்கனையும் ஹெராயின் விடவில்லை. தெருவுக்கு வந்துவிட்ட நிலையில் அவரை மீட்டு மறுபடி மேடையேற்றியவர் துணைவி ஹெலன். அதே ஹெலன்தான் 1972 பிப்ரவரியில், நியூயார்க் கிளப் ஒன்றில் நிகழ்ச்சிக்கு நடுவே அவரைச் சுட்டார். கடும் பனியால் ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. மார்கனுக்கு வயது 33.

பெயர்ப் பலகைக்குக் கீழேயே அடி

மைல்ஸ் டேவிஸ் வேகத்தைக் குறைத்து, ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு வாசித்தவர். 1959 ஆகஸ்டில் வெளியான அவருடைய ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளைத் தாண்டிவிட்டது. ஜாஸ் கேட்டே பழகாதவர்களும் தொடங்கச் சரியான இடம் அதுதான்.

அது வெளிவந்த சில நாட்களில், நியூயார்க்கின் ‘பேர்ட்லேண்ட்’ கிளப் வாசலில் இடைவேளையில் நின்றிருந்தார் டேவிஸ். வெள்ளையினப் பெண் ஒருவரை அப்போதுதான் டாக்ஸியில் ஏற்றிவிட்டிருந்தார். அங்கே நிற்காதே என்றார் போலீஸ்காரர். மேலே பலகையில் இருப்பது என் பெயர்தான் என்று சொல்லியும் பலனில்லை. தலையில் அடித்து, ரத்தம் வழிய வழியக் கைது செய்தார்கள். பிறகு நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளிநாட்டில் தூதர், உள்ளூரில் அடி... அன்றைய கறுப்பினக் கலைஞர்களின் நிலைமை இதுதான்.

இந்தியாவுக்கும் வந்ததா?

வந்தது. கோவாவைச் சேர்ந்த அன்டோனியோ சேவியர் வாஸ், ‘சிக் சாக்லேட்’ என்ற பெயரில் பம்பாயில் வாசித்து, ‘இந்தியாவின் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்’ என்றே அழைக்கப்பட்டார். இந்திப் படங்களில் இசையமைப்பாளர் சி.ராமச்சந்திராவுடன் பணியாற்றினார். தமிழில் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்துக்கு இசையமைத்தவர்தான் இந்த ராமச்சந்திரா.

இன்று மிச்சமிருப்பது என்ன?

நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்துக்கு ஆம்ஸ்ட்ராங்கின் பெயர். நியூயார்க் குயின்ஸ் பகுதியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அதே நியூ ஆர்லியன்ஸில் பிறந்த டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸ், 1997இல் இசைக்கான புலிட்சர் பரிசு வென்றார். ஜாஸ் படைப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை.

ஆனால் பெயர்ப் பலகைகளையும் பரிசுகளையும்விட முக்கியமானது வேறொன்று. ஆலிவர் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கொடுத்தார், கில்லெஸ்பி பிரவுனைத் தூக்கிவிட்டார், பிரவுன் மார்கனுக்குச் சொல்லிக்கொடுத்தார். உதடும் பல்லும் உயிரும் போன பிறகும் அந்த வாசிப்பு தங்கியதற்குக் காரணம், யாரும் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான்.