புல்லட் கிளம்பவில்லையா? முதலில் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள்

லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் ஒரு பழைய புல்லட் படுத்துவிட்டால், பழுதைவிடப் பெரிய தொல்லை உதிரிபாகம்தான். இந்த ஊருக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் (2024 வரை போர்ட் பிளேர்) நடுவே சுமார் 120 கி.மீ. கடல் கிடக்கிறது. அங்கேயும் கிடைக்காத சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு வரும் கப்பலுக்கே மூன்று நாள் அளவுக்கு ஆகும். "காயிலை மாத்திப் பார்ப்போம், சரியாகலைன்னா கண்டென்சரை மாத்திப் பார்ப்போம்" என்பது சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குச் சரிப்பட்டு வரலாம். லிட்டில் அந்தமானில் அது கட்டுப்படியாகாது. இங்கே வண்டி வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு விதிதான்: சோதித்துப் பார்த்து, கெட்டுப்போனது என்று உறுதியான பாகத்தை மட்டுமே மாற்ற வேண்டும். அந்தச் சோதனைக்குப் பட்டறைகூட வேண்டியதில்லை. பாதி வேலையை வண்டியிலேயே இருக்கும் ஒரு முள் செய்துவிடும்.

இங்கே சொல்வது வார்ப்பிரும்பு எஞ்சின் வைத்த பழைய 350 சி.சி. புல்லட்டைப் பற்றி. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் தொழிற்சாலையில் தயாரித்துவந்த வண்டி அது. இங்கிலாந்தில் 1970-க்குள் உற்பத்தி நின்றுபோன பிறகும், சென்னையில் அதே அமைப்பு பல பத்தாண்டுகள் நீடித்தது. பேட்டரி, காயில், பிளாட்டினம் பாயின்ட், கண்டென்சர் ஆகிய நான்கும் சேர்ந்து கரன்ட் கொடுக்கும் முறை இது. அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதல் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் வரை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஒன்றில் கற்றுக்கொண்டது மற்றதிலும் கைகொடுக்கும்.

முதல் கேள்வி: கோளாறு கரன்டிலா, கிளட்ச்சிலா?

கிக்கர் அடித்தும் வண்டி கிளம்பவில்லை என்றதும் எல்லோரும் பிளக்கைக் கழற்றுகிறார்கள். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புல்லட்டில் கிக்கரின் உதை நேராக எஞ்சினுக்குப் போவதில்லை. அது கியர் பாக்ஸ் வழியாகக் கிளட்ச்சுக்குப் போய், அங்கிருந்து பிரைமரி செயின் மூலமாகத்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. கிளட்ச் நழுவினால் கிக்கர் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும், எஞ்சின் சுற்றாது. பார்ப்பவருக்குக் கம்ப்ரஷன் போய்விட்டது போலவோ, கரன்ட் வராதது போலவோ தோன்றும். கிளட்ச் கோளாறுக்குக் காயில் வாங்கிக் காசைக் கரைப்பது இப்படித்தான்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஹெட்லைட் கூட்டின் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டர். வண்டியை நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். லைட்டுகளை அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் கழித்தல் பக்கம் கொஞ்சம் சாயும். பாயின்ட் திறந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பும். இந்தச் சாய்வும் திரும்பலும்தான் நாம் தேடும் அடையாளம்.

கிக்கர் இறங்குகிறது, முள் அசையவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். டிகம்ப்ரஷன் லீவரை விட்டுவிட்டு, எஞ்சின் சுற்றுகிறதா என்று காலால் அழுத்திப் பாருங்கள். கம்ப்ரஷன் காலைத் தடுக்காமல் கிக்கர் வழுக்கி இறங்கினால் முதலில் கிளட்ச்சைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் கோளாறு கரன்டில்.

முள் சொல்லும் மூன்று செய்திகள்

ஒன்று: முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. காயிலுக்குக் கரன்ட் போகவில்லை, அல்லது பாயின்ட்டின் முகம் அழுக்கேறி ஒட்டாமல் இருக்கிறது என்று பொருள். ஹாரனை அழுத்துங்கள். சத்தம் தளர்ந்திருந்தால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதைச் சுரண்டி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, உலர்ந்த பிறகு வாசலின் தடவுங்கள். சோடா தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. ஃபியூஸ், சாவி சுவிட்ச், பிரேமில் உள்ள எர்த் ஒயர் போல்ட்டு ஆகியவற்றையும் பாருங்கள். கடல் காற்றில் இந்த எர்த் போல்ட்டுதான் முதலில் துருப்பிடிக்கும்.

இரண்டு: முள் கழித்தல் பக்கமே நிற்கிறது, திரும்பவில்லை. பாயின்ட் திறக்கவில்லை, அல்லது திறந்தும் பயனில்லாதபடி ஏதோ ஒரு ஒயர் பிரேமில் உரசி எர்த் ஆகிறது. கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் இப்படித்தான் காட்டும். கண்டென்சர் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். முள் ஆடத் தொடங்கினால் குற்றவாளி கண்டென்சர்.

மூன்று: முள் ஒழுங்காகச் சாய்ந்து திரும்புகிறது, ஆனாலும் வண்டி பற்றவில்லை. பேட்டரி முதல் பாயின்ட் வரை உள்ள பாதையில் குறையில்லை. இனி பார்க்க வேண்டியது கண்டென்சர், காயில், பிளக் ஒயர், பிளக் கேப், பிளக். இவை எல்லாமே சரியாக இருந்தால் பெட்ரோல் பக்கம் போகலாம்.

சோதனை முடிந்ததும் சாவியை மறக்காமல் அணையுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடி கிடந்தால் காயில் சூடேறிக் கெடும், பேட்டரியும் இறங்கிவிடும்.

பாயின்ட்டைக் கையில் எடுக்கும்போது

பாயின்ட் மூடியைத் திறந்ததும் அதன் முகத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நல்லது. நீலம் பாரித்தோ, ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் மேடுமாகவோ இருந்தால் கண்டென்சர் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். பாயின்ட் திறக்கும் கணத்தில் அங்கே தீப்பொறி பறக்காமல் கரன்டை வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அது கெட்டால் பாயின்ட் எரியும், பிளக்கில் கரன்ட் மங்கும். பாயின்ட்டை மட்டும் புதிதாகப் போட்டால் அதுவும் சீக்கிரமே எரிந்துபோகும்.

சில வாரங்கள் ஓடாமல் நின்ற வண்டியில் பாயின்ட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். ஈரக்காற்று அதிகமுள்ள தீவில் இது சாதாரணம். இதற்குப் புது பாயின்ட் வேண்டாம். கெட்டியான வெள்ளைத் தாளின் சின்னத் துண்டு ஒன்றைப் பாயின்ட்டின் நடுவே வைத்து, அது கடித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் தாள் வெள்ளையாகவே வரும்வரை இழுத்தால் போதும். மேடு பள்ளம் தட்டியிருந்தால் மட்டும் நைசான உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சாவியைத் தொடுங்கள்.

பிறகு இடைவெளி. பாயின்ட் முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். பாயின்ட்டின் குதி தேயத் தேய இந்த இடைவெளி குறையும். குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், பிளக் தாமதமாக அடிக்கும். வண்டி இழுவை இல்லாமல் சூடாகிக்கொண்டே ஓடும். இடைவெளி கூடினால் பிளக் முந்திக்கொண்டு அடிக்கும், கிக்கர் காலைத் திருப்பி உதைக்கும். கேம் மேல் கடுகளவு கிரீஸ் வைத்தால் குதி சீக்கிரம் தேயாது. அதற்கு மேல் வைத்தால் உருகிப் பாயின்ட்டில் தெறிக்கும்.

பிளக்கில் கரன்ட் பார்ப்பது

பெட்ரோல் டேப்பை மூடி, சுற்றிலும் பெட்ரோல் சிந்தியிருக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் இறக்கையில் படும்படி வைத்து உதையுங்கள். நீல நிறத்தில் 'சட்சட்' என்று அடித்தால் கரன்ட் சரி. மஞ்சளாக மங்கினால் கண்டென்சரோ காயிலோ தளர்ந்திருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் கேப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த மரக்குச்சியால் ஒயரைத் தள்ளிப் பிடித்து, அதன் நுனியை எஞ்சினுக்கு 5 மி.மீ. தூரத்தில் காட்டி உதையுங்கள். ஒயரிலிருந்து கரன்ட் பாய்ந்தால் கேப்போ பிளக்கோ போயிருக்கிறது. அப்போதும் வராவிட்டால் ஒயரையும் காயிலையும் பாருங்கள். பிளக்கின் இடைவெளி 0.5 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

காயிலுக்கு என்று ஒரு குணம் உண்டு. தளர்ந்த காயில் குளிர்ச்சியாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். ஹட் பே ஜெட்டியிலிருந்து கிளம்பி நேதாஜி நகர் தாண்டி, 14 கி.மீ. தள்ளியுள்ள பட்லர் பே போய்ச் சேர்வதற்குள் சூடேறி நின்றுவிடும். அரை மணி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி கிளம்பும். அப்படி நின்ற உடனே, சூடு ஆறும் முன்பே கரன்ட் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் குறை தெரியாது. கண்டென்சரும் சூட்டில் இதே போல ஏமாற்றும். எனவே காயிலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், கையிருப்பில் உள்ள கண்டென்சரை மாட்டிச் சோதியுங்கள்.

கிளட்ச்: நழுவுகிறதா, பிரியவில்லையா?

கிளட்ச் கோளாறு இரண்டே வகை. இரண்டுக்கும் மருந்து நேர்மாறானது என்பதால் எது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நழுவும் கிளட்ச்சில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கிக்கரும் வழுக்கும். முதலில் கிளட்ச் லீவரைப் பாருங்கள். பிடிக்கத் தொடங்கும்போது 2 அல்லது 3 மி.மீ. சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் நீங்கள் எப்போதும் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி ஓட்டுவதற்குச் சமம். கேபிள் அட்ஜஸ்டரைத் தளர்த்தினாலே பலருக்கும் கோளாறு தீர்ந்துவிடும். அடுத்தது எண்ணெய். புல்லட்டின் கிளட்ச் பிரைமரி கேஸ் எண்ணெயில் நனைந்தபடி ஓடுவது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் எண்ணெயை அதில் ஊற்றினால் பிளேட்டுகள் பிடிக்காது. அளவு பார்க்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் வழியே எண்ணெய் கசியும் மட்டத்துக்கே ஊற்றுங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தும் நழுவினால்தான் ஸ்பிரிங், பிளேட் என்ற பேச்சே எழ வேண்டும்.

பிரியாத கிளட்ச்சில் லீவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். முதல் கியர் 'டக்' என்று விழும், நின்ற இடத்தில் நியூட்ரல் அகப்படாது. நாள் கணக்கில் நின்ற வண்டியில் எண்ணெய் பசையேறிப் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்வது வழக்கம். காலையில் சாவி போடும் முன் கிளட்ச்சைப் பிடித்தபடி கிக்கரை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். ஒட்டியிருந்த பிளேட்டுகள் விட்டுவிடும். தினமும் இந்தத் தொல்லை இருந்தால் பிரைமரி மூடியைக் கழற்றிய பிறகு, கிளட்ச்சைப் பிடித்துக் கிக்கரை அழுத்தி பிரஷர் பிளேட்டைப் பாருங்கள். அது ஒரு பக்கம் கூடுதலாகத் தூக்கி ஆடினால், ஏதோ ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்; ஸ்பிரிங்குகளை மாற்ற வேண்டியிருக்கும்.

கேபிள் திடீரென்று அறுந்தது போலத் தோன்றினாலும், லீவர் முனையில் ஒவ்வொரு இழையாகத்தான் விட்டுக்கொண்டு வரும். மாதம் ஒரு முறை லீவரைப் பிடித்து அந்த முனையைப் பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலே மாற்றும் காலம் வந்துவிட்டது.

வண்டி காராக இருந்தால்

1961-இல் மெட்ராஸில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டும், இங்கிலாந்தில் 1962-இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பம். இவற்றில் பாயின்ட் வேலை மேலே சொன்னதுதான். கூடுதலாக டிஸ்ட்ரிபியூட்டர் கேப் ஒன்று உண்டு. மழைக்காலக் காலையில் கார் கிளம்பாவிட்டால் அதைக் கழற்றி உட்புறம் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். கேப்பில் பென்சில் கோடு போலக் கறுப்பாக ஓடியிருந்தால் கரன்ட் அந்த வழியே தப்பிக்கிறது. கேப்பை மாற்றத்தான் வேண்டும்.

காரின் கிளட்ச் எண்ணெயில்லாத ஒற்றைத் தட்டு. மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தில் துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். இந்தக் கார்களில் பெடலின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கடத்துவது கேபிள் அல்ல, திரவம். பெடல் தரைவரை இறங்கி, இரண்டு மூன்று முறை அமுக்கிய பின் மட்டுமே கிளட்ச் பிரிந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அழுத்தம் திரும்பவே இல்லை என்றால் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிக் கசிவு பாருங்கள். இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. தீவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுக்க மாற்றிவிடுவது சிலிண்டரைத் துருவிலிருந்து காக்கும்.

அலமாரியில் என்ன இருக்க வேண்டும்?

அந்தமானில் மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. கடல் கொந்தளித்தால் கப்பலும் தள்ளிப்போகும். எனவே ஏப்ரலுக்குள் ஒரு பாயின்ட் செட், ஒரு கண்டென்சர், ஒரு பிளக், ஒரு கேப், ஒரு கிளட்ச் கேபிள், இரண்டு ஃபியூஸ் ஆகியவற்றை வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். கேபிளை மட்டும் டப்பாவில் வைக்காமல், இப்போதே எண்ணெய் விட்டு, பழைய கேபிளோடு சேர்த்து வண்டியிலேயே கட்டிவைக்கலாம். கூடவே ஒரு ஃபீலர் கேஜ்.

காயில், கிளட்ச் பிளேட் போன்ற விலை கூடிய சாமான்களை முன்கூட்டி வாங்கிச் சேர்க்க வேண்டாம். சோதனை அவற்றைக் கைகாட்டிய பிறகு, வண்டியின் ஆண்டு, எஞ்சின் நம்பர், மின்சாரம் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்ற மூன்றையும் எழுதி, பழைய பாகத்தின் படத்தோடு கடைக்கு அனுப்புங்கள். வோல்ட் மாறிய காயில் கப்பலேறி வந்தால் திருப்பி அனுப்ப இன்னொரு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.