ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சை

ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சை என்பது விபத்து, தீக்காயம், நோய், பிறவிக் குறைபாடு ஆகியவற்றால் சிதைந்த உடற்பகுதிகளின் வடிவத்தையும் செயற்பாட்டையும் மீட்டெடுக்கும் அறுவை மருத்துவப் பிரிவு ஆகும். பேச்சு வழக்கில் இது பிளாஸ்டிக் சர்ஜரி என்றே பரவலாக அறியப்படுகிறது. இப்பிரிவு சீரமைப்பு அறுவை, அழகியல் அறுவை என இரு கிளைகளைக் கொண்டது. இழந்ததை அல்லது பிறவியில் அமையாததை ஈடுசெய்வது முதலாவது. இயல்பாக உள்ள தோற்றத்தை விரும்பியவாறு மாற்றுவது இரண்டாவது. திரைப்பட நடிகர்கள் செய்துகொள்ளும் சிகிச்சை என்ற எண்ணம் மக்களிடையே நிலவினாலும், அரசு மருத்துவமனைகளின் ஒட்டுறுப்பு அறுவைத் துறைகளில் நடப்பவற்றுள் பெரும்பாலானவை சீரமைப்பு அறுவைகளே.

பெயர்

'பிளாஸ்டிக்' என்னும் சொல் வடிவமைத்தல், வனைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நெகிழிப் பொருளுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. செருமானிய மருத்துவர் எடுவார்டு சைசு 1838 இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இச்சொல் இடம்பெற்றது. முழுச் செயற்கை நெகிழியான பேக்கலைட்டு 1907 இல்தான் கண்டறியப்பட்டது. எனவே இவ்வறுவையில் உடலுக்குள் நெகிழி வைத்துத் தைக்கப்படுகிறது என்பது தவறான கருத்து. பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தோல், தசை, எலும்பு, நரம்பு ஆகியவையே ஓரிடத்திலிருந்து எடுக்கப்பட்டு மற்றோரிடத்தில் ஒட்டப்படுகின்றன. 'ஒட்டுறுப்பு' என்ற தமிழ்ப் பெயர் இச்செயலைச் சரியாகவே குறிக்கிறது.

வரலாறு

அறுபட்ட மூக்கையும் காதுமடலையும் சீரமைக்கும் முறைகள் சுசுருத சம்கிதையில் விளக்கப்பட்டுள்ளன. நெற்றித் தோலை மடித்து மூக்கு அமைக்கும் முறை இந்தியாவில் வழிவழியாகக் கையாளப்பட்டு வந்தது. மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாசுசி என்பவர் 1792 இல் திப்பு சுல்தானின் படையினரிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே பகுதியில் அவருக்கு இம்முறையில் புதிய மூக்கு அமைக்கப்பட்டது. இச்செய்தி 1794 அக்டோபரில் இலண்டனின் 'சென்டில்மேன்சு மேகசின்' இதழில் படத்துடன் வெளியானது. அதைத் தொடர்ந்து சோசப்பு கார்ப்பு என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1814 இல் இம்முறையை இலண்டனில் செய்துகாட்டி, 1816 இல் நூலாக வெளியிட்டார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்கு ஆரல்டு கில்லீசு அளித்த சிகிச்சைகள் இத்துறையைத் தனிப்பிரிவாக வளர்த்தன.

தமிழகத்தில் இத்துறையின் வரலாறு கைகளோடு பின்னிப் பிணைந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 இல் பணியில் சேர்ந்த பால் பிராண்டு, தொழுநோயால் விரல்கள் மடங்கிச் செயலிழந்த கைகளில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, அவற்றை மீண்டும் இயங்கச் செய்தார். சென்னை இசுட்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவு, பின்னர் கை ஆராய்ச்சி மற்றும் மறுவாழ்வு நிலையமாக விரிவடைந்தது. 2018 பிப்ரவரியில், இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு மூளைச்சாவு அடைந்த கொடையாளரின் கைகள் இங்குப் பொருத்தப்பட்டன. கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனையும் கை அறுவைக்கு அறியப்பட்ட மையமாகும்.

முறைகள்

தோல் ஒட்டு: தொடை போன்ற இடத்திலிருந்து தோலின் மேற்படலம் மெல்லியதாகச் சீவி எடுக்கப்பட்டு, புண்ணின் மீது பரப்பப்படும். இத்தோலுக்கெனத் தனிக் குருதிக்குழாய் கிடையாது. அடியில் உள்ள சதையிலிருந்து குருதி நுண்குழாய்கள் வளர்ந்து சில நாட்களில் அதற்கு உயிரூட்டும். தோல் எடுத்த இடம் ஏறத்தாழ இரு வாரங்களில் தானாக ஆறும். எலும்போ தசைநாணோ வெளியே தெரியும் புண்களில் இம்முறை பயன்படாது.

மடல்: தோலும் அதன் அடியில் உள்ள கொழுப்பு அல்லது தசையும் தமக்குரிய குருதிக்குழாயோடு சேர்த்து நகர்த்தப்படும். மருத்துவமனைகளில் இது 'பிளாப்' எனப்படும். கையின் தோல் முழுதும் உரிந்த நோயாளிக்குக் கையை இடுப்புத் தோலோடு சேர்த்துத் தைத்து, ஏறத்தாழ மூன்று வாரங்கள் அப்படியே வைத்திருப்பது உண்டு. அதற்குள் கையிலிருந்து புதிய குருதி ஓட்டம் மடலுக்குள் அமைந்துவிடும். பின்னர் மடல் இடுப்பிலிருந்து துண்டிக்கப்படும்.

நுண்ணறுவை: நுண்ணோக்கியின் வழியே பார்த்து, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள குருதிக்குழாய்களைத் தலைமுடியினும் மெல்லிய நூலால் தைத்து இணைப்பது. துண்டான உறுப்பை மீண்டும் பொருத்துவதும், கால்விரலை எடுத்துக் கட்டைவிரலாக அமைப்பதும் இதனால் இயலக்கூடியவை ஆயின. முழுவதும் துண்டான கட்டைவிரலைக் குருதிக்குழாய்களை இணைத்து மீளப் பொருத்தும் முதல் அறுவையைச் சப்பானிய மருத்துவர்கள் கொமாட்சு, தமாய் ஆகியோர் 1965 இல் செய்தனர்.

தொழிற்பகுதிகளில் கை விபத்துகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதிகள் 1990களின் பிற்பகுதியிலிருந்து வாகன உற்பத்தி மையங்களாக வளர்ந்தன. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு போன்ற சிற்றூர்களைச் சுற்றியும் உதிரிபாகத் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் பரவியுள்ளன. இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் எந்திரம் இத்தொழிலின் அடிப்படைக் கருவி. அச்சு இறங்கும் நேரத்தில் கை உள்ளே இருந்தால் விரல்கள் நசுங்கும் அல்லது துண்டாகும். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் பொத்தான்களை அழுத்தினால் மட்டுமே இயங்கும் அமைப்பும், கை குறுக்கிட்டால் எந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை உணரியும் இதைத் தடுக்கக்கூடியவை. உற்பத்தி வேகத்துக்காக இவற்றை முடக்கி வைப்பதே பல விபத்துகளுக்குக் காரணமாகிறது. வாகனத் துறையில் நிகழும் இத்தகைய கை விபத்துகள் குறித்துச் சேஃப் இன் இந்தியா என்னும் தன்னார்வ அமைப்பு 2019 முதல் 'கிரஷ்டு' என்ற தலைப்பில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது.

கூரிய கருவியால் சீராக வெட்டுப்பட்ட விரலைப் பொருத்துவது எளிது. பிரஸ் எந்திரத்தில் நசுங்கிய விரலில் குருதிக்குழாய்கள் நெடுந்தொலைவு சேதமடைவதால் வெற்றி வாய்ப்புக் குறைவு. ஆயினும் பொருத்த இயலுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நசுங்கியது என்று எண்ணித் துண்டை எறிந்துவிடக் கூடாது. ஒரு விரலுக்குப் பொருந்தாத துண்டின் தோலோ எலும்போ மற்றொரு விரலைக் காக்கப் பயன்படுவதுண்டு.

பொதுவாகக் கேட்கப்படும் கேள்விகள்

துண்டான விரலை எவ்வாறு கொண்டுசெல்வது?

விரலில் அழுக்கு இருப்பின் தூய நீரில் மெதுவாக அலச வேண்டும். பின்னர் ஈரமான தூய துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு, நீர் புகாதவாறு இறுகக் கட்ட வேண்டும். அப்பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த மற்றொரு பையில் அல்லது பாத்திரத்தில் வைக்க வேண்டும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது. பட்டால் திசுக்கள் உறைந்து அழியும். நீரில் ஊறவைப்பதும், சாராவி, மஞ்சள்தூள், காப்பித்தூள் போன்றவற்றை இடுவதும் தீங்கானவை. காயத்தைத் தூய துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டக் கூடாது.

எவ்வளவு நேரத்துக்குள் செல்ல வேண்டும்?

குளிர்ச்சியில் வைக்கப்படாத விரல் ஏறத்தாழ 12 மணி நேரமும், முறையாகக் குளிர்விக்கப்பட்டது 24 மணி நேரமும் தாங்கக்கூடும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசைகள் மிகுதியாக இருப்பதால், குளிர்ச்சியின்றி 6 மணி நேரமே வரம்பு. எனவே விரைவே இன்றியமையாதது. 2008 முதல் தமிழகத்தில் இயங்கும் 108 அவசர ஊர்தியை அழைத்து, நுண்ணறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகச் செல்வது நன்று. வடக்குப்பட்டிலிருந்து இசுட்டான்லி மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வழியில் வசதியற்ற இரண்டு மூன்று மருத்துவமனைகளில் நின்று செல்வதே பெரும்பாலும் நேரத்தை வீணாக்குகிறது. ஆனால் நோயாளிக்கு வேறு பெரிய காயமோ கடும் குருதிப்போக்கோ இருந்தால், முதலில் உயிர் காக்கும் சிகிச்சையே தேவை.

பொருத்திய விரல் முன்போல் இயங்குமா?

முழுமையாக முன்போல் ஆவது அரிது. குருதி ஓட்டம் உடனே திரும்பினாலும், தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதமே வளரும். எனவே உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆகும். விறைப்பும், குளிரில் வலியும் எஞ்சலாம். விரலில் குருதி தேங்கினால் அதை உறிஞ்ச மருத்துவ அட்டைகள் இன்றும் பயன்படுத்தப்படுகின்றன. அறுவைக்குப் பின் இயன்முறைப் பயிற்சியைக் கைவிட்டால், நன்றாகப் பொருத்தப்பட்ட விரலும் மடங்காத குச்சி போலாகிவிடும். கட்டைவிரல் கையின் செயற்பாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குப் பொறுப்பானதாகக் கருதப்படுவதால், அதைக் காக்க மருத்துவர்கள் எப்போதும் முயல்வர்.

சில வேளைகளில் பொருத்தாமலே விட மருத்துவர் ஏன் கூறுகிறார்?

சுட்டுவிரல் ஒன்று மட்டும் அடிப்பகுதியில் துண்டாகி நசுங்கியிருந்தால், பல அறுவைகளுக்குப் பின்னும் அது விறைத்து நின்று மற்ற விரல்களுக்கு இடையூறாகலாம். அத்தகைய நிலையில் காயத்தை மூடிச் சில வாரங்களில் வேலைக்குத் திரும்புவதே நோயாளிக்கு நன்மையாக இருக்கக்கூடும். இம்முடிவு நோயாளியின் தொழில், வயது, விருப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது. தையல் வேலை செய்பவருக்கும் பாரம் தூக்குபவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

புகை பிடிக்கலாமா?

கூடாது. நிக்கோட்டின் நுண்ணிய குருதிக்குழாய்களைச் சுருக்குவதால், பொருத்திய விரலும் ஒட்டிய தோலும் அழிய நேரிடலாம். திட்டமிட்ட அறுவைகளுக்கு முன்னும் பின்னும் சில வாரங்களாவது புகைப்பதை நிறுத்துமாறு மருத்துவர்கள் வலியுறுத்துவர். நீரிழிவு கட்டுக்குள் இருப்பதும் இதே அளவு முதன்மையானது.

தழும்பே இல்லாமல் அறுவை செய்ய இயலுமா?

இயலாது. தோலை ஆழமாக வெட்டும் எந்த அறுவையும் தழும்பை விட்டுச்செல்லும். தோலின் இயல்பான மடிப்புகளில் வெட்டைச் செலுத்தி அதனை மறைக்கவே மருத்துவர் முயல்கிறார். தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து தடித்திருந்து, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மங்கும். சிலருக்குத் தழும்பு காயத்தின் எல்லையைக் கடந்து வளரும். இது கீலாய்டு எனப்படும். முன்னரே அத்தகைய தழும்பு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கூற வேண்டும்.

பிளவுபட்ட உதட்டுக்கு எந்த வயதில் அறுவை செய்ய வேண்டும்?

குழந்தை போதிய எடையோடு இருந்தால், உதட்டுப் பிளவுக்கு ஏறத்தாழ 3 மாதத்திலும், அண்ணப் பிளவுக்கு 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் அறுவை செய்யப்படுகிறது. அண்ணப் பிளவைப் பேச்சு உருவாகும் முன் சரிசெய்யாவிடில் குழந்தையின் ஒலிப்பு பாதிக்கப்படும். கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததால் இக்குறை ஏற்படுகிறது என்பது மூடநம்பிக்கை.

கொழுப்பு உறிஞ்சும் அறுவையால் உடல் எடை குறையுமா?

இது எடை குறைப்புச் சிகிச்சை அன்று. உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் பின்னும் வயிறு, தொடை போன்ற சில இடங்களில் எஞ்சும் கொழுப்பை அகற்றி வடிவைச் சீராக்குவதே இதன் நோக்கம். பின்னர் எடை கூடினால் வடிவமும் மாறும்.

முடி மாற்று அறுவையை யாரிடம் செய்துகொள்ளலாம்?

இதனை எளிய ஒப்பனைச் செயல் என்று எண்ணுவது ஆபத்தானது. 2016 இல் சென்னையின் ஒரு நிலையத்தில் முடி மாற்றுச் செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் உடல்நிலை மோசமடைந்து உயிரிழந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், அழகியல் அறுவைகளையும் முடி மாற்றையும் உரிய பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவர்களே செய்ய வேண்டும் என்கின்றன. பயிலரங்கில் அல்லது யூடியூபில் பார்ப்பது பயிற்சி ஆகாது என்றும் அவை குறிப்பிடுகின்றன. ஒட்டுறுப்பு அறுவை வல்லுநர் எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பின் இத்துறையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றிருப்பார். மயக்கமருந்து கொடுப்பவர் யார், அவசர நிலைக்கு என்ன வசதி உள்ளது என்று கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

செலவும் காப்பீடும்

மருத்துவக் காப்பீடுகள் தோற்றத்துக்காக மட்டும் செய்யப்படும் அறுவைகளை ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யப்படும் சீரமைப்பு இவ்விலக்கில் அடங்காது. எனவே 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்ற பெயரைக் கண்டே காப்பீடு மறுக்கப்பட்டால், நோயாளி அதை எதிர்த்து முறையிடலாம். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009 இல் தொடங்கப்பட்டு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் சீரமைப்பு அறுவைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன.

தொழிற்கூட விபத்தில் காயமுற்றவர்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) முதன்மையானது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான இத்திட்டம் மருத்துவத்துடன், வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கும் நிலையான ஊனத்துக்கும் பணப்பயன் அளிக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சி என்ற பெயரில் வேலை செய்வோரும் தம் பெயர் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதை விபத்துக்கு முன்னரே அறிந்திருப்பது நல்லது. மருத்துவமனையில் விபத்து எவ்வாறு நேர்ந்தது என்பதை உள்ளவாறே கூறி, விபத்துப் பதிவேட்டு நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மக்கள் இதனை 'ஏ.ஆர். காப்பி' என்பர். எந்திரத்தில் நேர்ந்ததை வீட்டில் விழுந்ததாகவோ சாலை விபத்தாகவோ பதியுமாறு யாரேனும் கூறினால் அதற்கு இணங்கக் கூடாது. 1923 ஆம் ஆண்டின் ஈட்டுறுதிச் சட்டம் கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பு எனவும், சுட்டுவிரல் முழுதும் இழப்பதை 14 விழுக்காடு எனவும் வரையறுத்தது. ஈட்டுத்தொகை இத்தகைய மதிப்பீட்டைச் சார்ந்திருப்பதால், முதல் நாளில் எழுதப்படும் சில வரிகள் பல ஆண்டுகளுக்குப் பயன் தரும் ஆவணமாகும்.