சப்பானிய மொழியில் அறவியல் சொற்கள்

சப்பானிய மொழியில் அறம், ஒழுக்கம் ஆகிய கருத்துகளைக் குறிக்க ரின்ரி, தோத்தொக்கு என்னும் இரு சொற்கள் பெரிதும் வழங்குகின்றன. இரண்டும் சீன எழுத்துகளால் ஆனவை. அகராதியில் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தாலும், இரண்டையும் எல்லா இடத்திலும் மாற்றிப் பயன்படுத்த முடியாது.

சொற்பொருள்

ரின்ரி: ‘ரின்’ என்பது மனிதர்க்கிடையே உள்ள உறவுமுறை, ‘ரி’ என்பது அதற்குரிய நெறி. 1881 இல் இனோவே தெட்சுஜிரோவும் பிறரும் வெளியிட்ட மெய்யியல் கலைச்சொல் தொகுப்பு, மேலைநாட்டு ‘எத்திக்ஸ்’ துறைக்கு ‘ரின்ரிகக்கு’ என்ற பெயரைத் தந்தது. எனவே இச்சொல் ஆய்வு, தொழில் ஆகிய துறைகளில் மிகுதியாக வரும். மருத்துவ அறவியல் ‘இர்யோ ரின்ரி’ எனப்படும்.

தோத்தொக்கு: ‘தோ’ என்றால் வழி, ‘தொக்கு’ என்றால் நற்பண்பு. நம் ‘நன்னெறி’க்கு இது நெருக்கமானது. அன்றாட நடத்தையையும் பள்ளிப் பாடத்தையும் குறிக்கும். பொது இடங்களில் பேண வேண்டிய ஒழுக்கம் ‘கோஷூ தோத்தொக்கு’.

கிரி: பிறருக்கு நாம் பட்டுள்ள கடப்பாடு. பெற்ற உதவிக்குக் கைமாறு செய்தலும் இதில் அடங்கும்.

மெய்யியலாளர் வாட்சுஜி தெட்சுரோ, மனிதனைக் குறிக்கும் ‘நிங்கென்’ என்ற சொல்லில் ‘இடை’ என்னும் எழுத்து இருப்பதைச் சுட்டி, அறம் தனிமனிதனுக்குள் மட்டுமன்றி மனிதர்க்கிடையிலும் உள்ளது என்று விளக்கினார்.

பள்ளிக் கல்வியில்

போருக்கு முன் ஒழுக்கப் பாடம் ‘ஷூஷின்’ எனப்பட்டது. 1890 ஆம் ஆண்டின் கல்வி குறித்த பேரரசர் ஆணையைத் தழுவி, அரசப்பற்றையும் கீழ்ப்படிதலையும் அது வலியுறுத்தியது. 1945 திசம்பரில் நேச நாட்டு ஆட்சி அதனை நிறுத்தியது. 1958 இல் ‘தோத்தொக்கு’ வகுப்பு தொடங்கியபோது, பழைய பாடமே திரும்புகிறதோ என்ற அச்சம் ஆசிரியர்களிடையே எழுந்தது. 2018 இல் தொடக்கப் பள்ளியிலும் 2019 இல் நடுநிலைப் பள்ளியிலும் அது தனிச்சிறப்புப் பாடமானது. இதற்குப் பாடநூல் உண்டு, மதிப்பெண் கிடையாது. மாணவரின் வளர்ச்சியை ஆசிரியர் சொற்களால் எழுதுகிறார். நம் பள்ளிகளின் நீதிபோதனை வகுப்போடு இதனை ஒப்பிடலாம். ஒழுக்கத்தைக் கற்பிக்கலாம், எண்ணால் அளக்க முடியாது என்பதே இம்முறையின் அடிப்படை.

திருக்குறளும் சப்பானியமும்

திருக்குறளை மட்சுனாகா ஷுசோ 1981 இலும், தமிழறிஞர் தகாஹாஷி தகனோபு 1999 இலும் சப்பானியத்தில் வெளியிட்டனர். தமிழில் ‘அறம்’ நல்லொழுக்கத்தோடு கொடையையும் குறிக்கும். ‘அறம் செய்தான்’ என்றால் ஈந்தான் என்றும் பொருள்படும். ரின்ரியிலோ தோத்தொக்கிலோ இப்பொருள் இல்லை. ஆகவே அறம் என வரும் இடமெல்லாம் ஒரே சொல்லை இட்டு நிரப்பாமல், இடமறிந்து சொல் தேர்வது மொழிபெயர்ப்போர்க்கு இன்றியமையாதது.