கடைமடைக்கு வந்த பல்கலைக்கழகம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மெக்சிகோவின் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆறு கடலில் கலப்பதற்கு முன் பாய்கின்ற கேமரன், ஹிடால்கோ, ஸ்டார், வில்லசி ஆகிய நான்கு மாவட்டங்களும் சேர்ந்த பகுதி ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டு இப்பகுதியில் இயங்கிவந்த இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களைக் கலைத்துவிட்டு, அவற்றின் இடத்தில் ஒரு புதிய பல்கலைக்கழகத்தையும் அதன் அங்கமாக ஒரு மருத்துவக் கல்லூரியையும் நிறுவ வேண்டுமென்று மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின்படி 2015இல் ‘டெக்சஸ் பல்கலைக்கழகம், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு’ என்னும் நிறுவனம் வகுப்புகளைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவர்கள் சேர்ந்தனர்.

அரசுக் கல்லூரிகளை ஒன்றாக இணைப்பது பெரும்பாலும் செலவைக் குறைக்கும் நடவடிக்கையாகவே உலகெங்கும் பேசப்படுகிறது. இங்கே நடந்த இணைப்பின் நோக்கமோ அதற்கு நேர்மாறானது: அரைநூற்றாண்டுக்கும் மேலாகத் தங்களுக்குக் கிடைக்காமலிருந்த பொதுநிதியைப் பெறுவதற்காகவே இரு நிறுவனங்களும் தம் பெயரையும் தனித்துவத்தையும் விட்டுக்கொடுத்தன. அந்த நிதி எது, அது ஏன் எட்டாமலிருந்தது, அதைப் பெறுவதற்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்பவை எந்த நாட்டிலும் பொதுக்கல்வியில் அக்கறை கொண்டோர் அறிய வேண்டியவை.

எல்லைப்புறத்தின் இரு கல்லூரிகள்

2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த நான்கு மாவட்டங்களிலும் 12.6 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் மெக்சிக வழிவந்த, ஸ்பானிய மொழி புழங்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பருத்தியும் எலுமிச்சை வகைப் பழங்களும் காய்கறிகளும் விளையும் வண்டல் நிலம் இது எனினும், அமெரிக்காவின் மிக வறிய பகுதிகளின் பட்டியலில் இது நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. நகர எல்லைக்கு வெளியே, குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் இல்லாமல் உருவான ‘கொலோனியா’ எனப்படும் குடியிருப்புகளில் ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன.

இப்பகுதியில் உயர்கல்வி, பிரௌன்ஸ்வில் நகரில் 1926இலும் எடின்பர்க் நகரில் 1927இலும் தொடங்கப்பட்ட இரண்டு இளநிலைக் கல்லூரிகளோடு பிறந்தது. இளநிலைக் கல்லூரி என்பது நான்காண்டுப் பட்டப்படிப்பின் முதல் இரண்டாண்டுகளை மட்டும் கற்பிப்பது. அதற்கு மேல் படிக்க விரும்புவோர் வேறு ஊருக்குச் செல்ல வேண்டும். எடின்பர்க் கல்லூரி 1952இல் நான்காண்டுக் கல்லூரியாகி, இரு அமெரிக்கக் கண்டங்களையும் இணைக்கும் நோக்கோடு ‘பான் அமெரிக்கன்’ என்ற பெயரை ஏற்று, 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒரே ஆட்சிக்குழுவின் கீழ்ப் பல வளாகங்கள் இயங்கும் டெக்சஸ் பல்கலைக்கழகக் குடும்பத்தில் 1989இல் அது சேர்க்கப்பட்டது.

பிரௌன்ஸ்வில்லிலோ, பான் அமெரிக்கனின் கிளையாக இருந்த பட்டப்படிப்பின் மேல்நிலை வகுப்புகள் 1991இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தனி வளாகமாக்கப்பட்டு, உள்ளூர் மக்களின் வரிப்பணத்தில் நடந்த பழைய இளநிலைக் கல்லூரியுடன் கூட்டாக இயங்கத் தொடங்கின. பழைய இராணுவக் கோட்டையான பிரௌன் கோட்டையின் நிலத்தில் அந்த வளாகம் அமைந்திருந்தது. 

இந்தச் சிறிய கல்லூரிகள் ஆற்றிய பணி சிறியதன்று. எல்லைப்புற மக்களின் நாட்டார் பாடல்களை ஆய்வுப் பொருளாக்கிய அமெரிக்கோ பரேதஸ் பிரௌன்ஸ்வில் கல்லூரியிலும், இருமொழிகளுக்கும் இருநாடுகளுக்கும் இடையில் வாழும் பெண்ணின் அனுபவத்தை எழுத்தாக்கிய குளோரியா அன்சால்துவா பான் அமெரிக்கனிலும் படித்தவர்கள். தொலைவில் உள்ள பெரிய பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்ப வழியில்லாத குடும்பங்களுக்கு இவையே கிடைத்த ஒரே வாசலாக இருந்தன.

எண்ணெய் நிதியும் எல்லைக் கோடும்

டெக்சஸ் மாநிலத்தின் 1876ஆம் ஆண்டு அரசியலமைப்பு, உயர்கல்விக்கென அரசு நிலத்தை ஒதுக்கி ‘நிரந்தரப் பல்கலைக்கழக நிதியம்’ ஒன்றை உருவாக்கியது. நிரந்தர நிதியம் என்பது முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடும் ஏற்பாடு. மேற்கு டெக்சஸில் உள்ள சுமார் 21 லட்சம் ஏக்கர் வறண்ட நிலத்தில் மேய்ச்சல் குத்தகையைத் தவிர வேறு வருவாய் அதிகம் இராது என்று கருதப்பட்ட நிலையில், 1923இல் அங்கே எண்ணெய் பீறிட்டது. அதன்பின் அந்த நிதியம் அமெரிக்க உயர்கல்வியின் மாபெரும் செல்வங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அதிலிருந்து கிடைக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு டெக்சஸ் பல்கலைக்கழகக் குடும்பத்துக்கும், மூன்றில் ஒரு பங்கு டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகக் குடும்பத்துக்கும் செல்கிறது.

ஆயினும் குடும்பத்தில் சேர்ந்த எல்லா வளாகங்களுக்கும் அதில் உரிமை இல்லை. நிதியத்தைப் பயன்படுத்தக்கூடிய நிறுவனங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட அரசியலமைப்பு, ஏனையவற்றுக்கு 1984இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியே அளவில் சிறிய வேறொரு நிதியை ஏற்படுத்தியது. பான் அமெரிக்கன் அப்போது வெளியே நின்றதால் இரண்டாம் பட்டியலில் வைக்கப்பட்டது. 1989இல் குடும்பத்துக்குள் வந்த பிறகும் அந்தப் பட்டியல் மாறவில்லை. பிரௌன்ஸ்வில்லின் நிலையும் அதுவே. வாய்க்காலின் தலைமடையில் நீர் நிறைந்து ஓட, கடைமடை நிலம் வெடித்துக் கிடப்பதைப் போலத் தென்கோடிக் கல்லூரிகள் கட்டடத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஏங்கி நின்றன.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு எதிராக 1987இல் மெக்சிக அமெரிக்க அமைப்புகளும் மாணவர்களும் பிரௌன்ஸ்வில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். மாநில மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் வாழும் எல்லைப் பகுதியின் பல்கலைக்கழகங்களுக்கு, மாநில உயர்கல்விச் செலவில் பத்தில் ஒரு பங்கே கிடைக்கிறது என்பது அவர்களின் வாதம். கீழ்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோதிலும், 1993இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எனினும் வழக்கு எழுப்பிய அழுத்தத்தால், எல்லைப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் கட்டடங்களுக்கும் புதிய பட்டப்படிப்புகளுக்கும் சிறப்பு நிதி ஒதுக்கச் சட்டமன்றம் முன்வந்தது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் மக்கள் மன்றத்தில் ஓரளவு வென்றார்கள் என்றாலும், பெருநிதியத்தின் கதவு மூடியே இருந்தது.

அந்தக் கதவைத் திறக்கும் வழியும் அதே அரசியலமைப்பில் இருந்தது. சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் டெக்சஸ் பல்கலைக்கழகக் குடும்பத்தில் புதிதாக ஒரு நிறுவனம் உருவாக்கப்பட்டால், அது நிதியத்தில் பங்கு பெறும் என்று ஒரு பிரிவு கூறியது. பழைய நிறுவனங்கள் பழையனவாக இருக்கும்வரை உரிமை இல்லை. அவை மறைந்து புதியது பிறந்தால் உரிமை உண்டு. 2012 டிசம்பரில் இத்திட்டத்தை ஆட்சிக்குழுவின் முன்வைத்து ஒப்புதல் பெற்றவர், எல்லை நகரான லாரெடோவில் பிறந்து உறுப்பு மாற்று அறுவை நிபுணராக உயர்ந்து, அப்போது அப்பல்கலைக்கழகக் குடும்பத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ்கோ சிகரோவா. மருத்துவக் கல்லூரியை விரைவுபடுத்தப் பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் வழங்கவும் ஆட்சிக்குழு உறுதியளித்தது. கட்சி வேறுபாடின்றித் தேவையான பெரும்பான்மையுடன் சட்டம் நிறைவேற, 2013 ஜூன் மாதம் ஆளுநர் ரிக் பெரி அதில் கையெழுத்திட்டார்.

மருத்துவக் கல்லூரி எதற்கு?

இந்தியாவில் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் மருத்துவம் பயிலலாம். அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டம் பெற்ற பிறகே மருத்துவக் கல்லூரியில் நுழைய முடியும். அங்கே மேலும் நான்காண்டுகள் படித்து, அதன்பின் ஏதேனும் ஒரு மருத்துவமனையில் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ‘ரெசிடென்சி’ எனப்படும் ஊதியத்துடன் கூடிய நிபுணத்துவப் பயிற்சி பெற்றாக வேண்டும். பயிற்சி பெற்ற ஊரிலோ அதன் அருகிலோ மருத்துவர்கள் தொழிலை அமைத்துக்கொள்வது வழக்கமாக இருப்பதால், மருத்துவக் கல்லூரியும் பயிற்சி இடங்களும் இல்லாத வட்டாரம் தன் பிள்ளைகளை மருத்துவர்களாக்கிப் பிற ஊர்களுக்குக் கொடுத்துவிடுகிறது.

ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இதுவே நடந்தது. நீரிழிவும் உடற்பருமனும் நாட்டின் சராசரியைவிட மிகுந்தும், மருத்துவக் காப்பீடு இல்லாதோர் பெருந்தொகையினராகவும் உள்ள இப்பகுதியில் மக்கள்தொகைக்கு ஏற்ற மருத்துவர்கள் இல்லை. 380 கிலோமீட்டருக்கு அப்பால் சான் அன்டோனியோ நகரில் இருந்த மருத்துவக் கல்லூரியின் கிளையாக ஒரு வட்டார மையம் அமைக்க 1997இல் சட்டமன்றம் அனுமதி வழங்கியது. ஹார்லிங்கன் நகரில் 2002இல் திறக்கப்பட்ட அதன் கட்டடத்தில், அக்கல்லூரி மாணவர்களில் சிலர் மூன்றாம், நான்காம் ஆண்டுகளின் மருத்துவமனைப் பயிற்சியைப் பெற்றனர். இணைப்புச் சட்டம் அந்த மையத்தையும் புதிய பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்ததால், மருத்துவக் கல்லூரி வெறுங்கையோடு தொடங்க வேண்டிய நிலை ஏற்படவில்லை.

கல்லூரி எந்த நகரில் அமைவது என்ற போட்டி எழுந்தபோது, முதல் இரண்டாண்டுப் படிப்பு முதன்மையாக எடின்பர்க் இருக்கும் ஹிடால்கோ மாவட்டத்திலும், பின் இரண்டாண்டுகள் ஹார்லிங்கன் இருக்கும் கேமரன் மாவட்டத்திலும் என்று உடன்பாடு காணப்பட்டது. மருத்துவக் கல்விக்கான தேசிய அங்கீகாரக் குழு 2015இல் முதற்கட்ட ஒப்புதல் வழங்க, 2016இல் 55 மாணவர்கள் சேர்ந்தனர்.

இணைப்பின் விலை

சட்டத்தின் ஒரு வரியில் முடிந்துவிடும் ‘கலைத்தல்’ என்பது வளாகத்தில் பணிபுரிவோருக்கு வாழ்க்கைப் பிரச்சினை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நீண்ட ஆய்வுக்குப் பின் ஆசிரியருக்கு வழங்கப்படும் ‘டென்யூர்’ என்னும் நிரந்தரப் பணியுரிமை, நிறுவனத்தோடு பிணைந்தது. நிறுவனமே மறைந்தால் அந்த உரிமையின் நிலை கேள்விக்குள்ளாகிறது. இயன்றவரை, விவேகத்துக்கு உட்பட்டுப் பழைய ஊழியர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சட்டம் கூறியதே தவிர, அனைவருக்கும் பணி உறுதி என்று கூறவில்லை. பழைய இளநிலைக் கல்லூரியுடனான கூட்டு முறிந்து, ஏற்கெனவே ஆட்குறைப்பைச் சந்தித்திருந்த பிரௌன்ஸ்வில் ஆசிரியர்களை இது மேலும் கலங்கச் செய்தது.

ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு நகரங்களில் ஒரே துறையை நடத்துவதும் எளிதாக இல்லை. எந்தப் பாடம் எங்கே கற்பிக்கப்படும், மாணவர் எந்த வளாகத்துக்குப் பயணம் செய்ய வேண்டும், முடிவெடுக்கும் அலுவலகம் எங்கே இருக்கும் என்பவையெல்லாம் பெரிய வளாகத்தின் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற அச்சம் சிறிய வளாகத்தில் இயல்பாக எழுந்தது. 2014இல் விளையாட்டு அணிகளுக்குப் புதிய பெயர் சூட்டப்பட்டபோதுகூட மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பழைய பெயர்களோடு ஒட்டிய நினைவுகளைச் சட்டம் கலைத்துவிட முடியாது என்பதற்கு அது சான்று.

நிர்வாகச் சிக்கல்கள் வெளிப்படையாகவே தெரியவந்தன. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தென்மாநில அங்கீகார ஆணையம் 2016 டிசம்பரில் புதிய பல்கலைக்கழகத்தைத் தகுதிகாண் நிலையில் வைத்தது. குறைகளைத் திருத்தத் தவறினால் அங்கீகாரமே பறிபோகலாம் என்ற கடுமையான எச்சரிக்கை அது. ஓராண்டு உழைப்புக்குப் பின் 2017 டிசம்பரில் அந்த நிலை நீக்கப்பட்டது. மருத்துவத்துக்கான உள்ளூர் நிதியும் எளிதில் திரளவில்லை. ஹிடால்கோ மாவட்டத்தில் சொத்துவரியின் மூலம் மருத்துவத்துக்கு நிதி திரட்டும் ‘மருத்துவ மாவட்டம்’ என்னும் அமைப்பை உருவாக்கும் யோசனையை வாக்காளர்கள் 2014, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நிராகரித்தனர். மருத்துவர் வேண்டும் என்று விரும்பும் வறிய மக்கள் மேலும் ஒரு வரியைத் தாங்கத் தயங்கியதைக் குறையாகக் கருத முடியாது. அத்தகைய வட்டாரத்துக்கு மாநில நிதி ஏன் இன்றியமையாதது என்பதையே அது உணர்த்துகிறது.

கிடைத்த பலன்

மருத்துவக் கல்லூரியின் முதல் அணி பட்டம் பெற்ற 2020ஆம் ஆண்டிலேயே கொரோனா பெருந்தொற்று இப்பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. ஜூலை மாதத்தில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அந்த நாட்களில், பரிசோதனை மையங்களை நடத்தவும் நோயாளிகளைக் கவனிக்கவும் உள்ளூரிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன் அந்த வசதி இல்லை. 2022இல் டெக்சஸ் மாநிலத்தின் முதல் பாத மருத்துவக் கல்லூரியையும் இப்பல்கலைக்கழகம் தொடங்கியது. நீரிழிவு முற்றிக் கால் இழப்போர் மிகுந்த ஒரு வட்டாரத்தில் பாத மருத்துவர்களை உருவாக்குவது, மக்களின் நோயறிந்து கல்வித்திட்டம் வகுப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இந்த இணைப்பு வெற்றி பெற்றதற்குக் காரணம், இரண்டும் ஒன்றாகும்போது தனித்தனியே எதற்கும் கிடைக்காத ஓர் உரிமை சட்டப்படி கிடைத்தது என்பதே. அத்தகைய புதிய உரிமையோ புதிய நிதியோ இல்லாமல், பெயர்ப் பலகைகளை மட்டும் மாற்றி நிகழ்த்தப்படும் இணைப்பில் ஆசிரியர் பணியையும் மாணவர் வசதியையும் இழப்பதே மிஞ்சும். ஆகவே எந்த அரசும் கல்லூரிகளை இணைக்க முன்வரும்போது, அந்த வட்டார மக்களுக்கு இதுவரை இல்லாத எது கிடைக்கப்போகிறது என்றும், பழைய நிறுவனத்தின் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தரப்படும் உறுதி சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளதா என்றும் மக்கள் கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் தெளிவான விடை தராத இணைப்பை ஏற்க வேண்டிய கடமை எந்த மக்களுக்கும் இல்லை.