வளவில் எலும்பு தென்பட்டால்: மண்டையோட்டிலிருந்து முகத்தை அறிய முடியுமா?

மீளக்குடியேறிய காணியில் பற்றை வெட்டும்போது, கிணறு இறைக்கும்போது, மலசலகூடக் குழி தோண்டும்போது மனித எலும்பு போன்ற ஏதும் தென்படலாம். கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் மாதம் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தை வெட்டியபோதுதான் புதைகுழி வெளிப்பட்டது. அப்படி நேர்ந்தால் வேலையை உடனே நிறுத்துங்கள். எலும்பை எடுக்கவோ கழுவவோ வேண்டாம். அது மண்ணில் கிடந்த விதமும் ஒரு சாட்சிதான். அருகில் வெடிபொருள் இருக்கவும் கூடும். பிள்ளைகளை விலக்கிவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். நீதவானின் உத்தரவின் பேரில், சட்ட வைத்திய அதிகாரியின் பங்கேற்புடன் அகழ்வு நடைபெறும்.

“மண்டையோட்டை வைத்து முகத்தைச் செய்து பார்க்கலாமாமே?” என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், அப்படியொரு முறை உண்டு. மண்டையோட்டின் பிரதியொன்றில் நெற்றி, கன்னம், தாடை முதலிய இடங்களில் சிறு முளைகளைப் பொருத்துவார்கள். அந்த வயதினருக்கும் பாலினருக்கும் அவ்விடத்தில் சராசரியாக எவ்வளவு தசை இருக்கும் என்பதை ஒவ்வொரு முளையின் உயரமும் காட்டும். அந்த அளவுக்குக் களிமண்ணை அப்பி முகத்தை உருவாக்குவார்கள். இப்போது இதைக் கணினியிலும் செய்கிறார்கள். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் கண்டெடுத்த எலும்புகள் இசைமேதை பாக்கினுடையவையா என்று பார்க்க, வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்று அறிஞர் 1895இல் இவ்வழியைக் கையாண்டார்.

ஆனால் எலும்பு எல்லாவற்றையும் சொல்லாது. முகத்தின் அகலம், கண்குழி, தாடையின் அமைப்பு ஆகியவற்றை அது காட்டும். காதின் வடிவம், தலைமுடி, நிறம், ஆள் மெலிவா பருமனா என்பவை பெரும்பாலும் ஊகமே. பிள்ளையைத் தேடும் தாய்க்கு அந்தக் களிமண் முகத்தில் தன் மகன் தெரியக்கூடும். பக்கத்தில் நிற்கும் இன்னொரு தாய்க்கும் தன் மகனே தெரியக்கூடும். ஆகவே அந்த முகம் ஒரு துப்பு மட்டுமே, நிரூபணம் அல்ல. உடைகளும் பொருட்களும் அப்படித்தான். செம்மணியில் மீட்கப்பட்டவை 2025 ஓகஸ்டில் நீதிமன்ற உத்தரவின்படி மக்களுக்குக் காட்டப்பட்டன. ஆனால் ஒரே மாதிரிச் சட்டையைப் பலர் அணிந்திருப்பார்கள் அல்லவா?

உறுதி செய்ய உதவுபவை மரபணுவும் பல்லும். மரபணு ஒப்பீட்டுக்குப் பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் ஆகியோரின் இரத்தமோ உமிழ்நீரோ தேவைப்படும். வயதான பெற்றோர் இருந்தால் அவர்களின் விபரத்தை முதலில் பதியுங்கள். பல் தெரியச் சிரிக்கும் புகைப்படம் இருந்தால், மங்கலாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். எந்தக் கை முறிந்தது, எந்தப் பல் பிடுங்கியது, உயரம் எவ்வளவு என்பவற்றை நினைவுள்ளபோதே எழுதி வையுங்கள். முன்னர் செய்த முறைப்பாடுகளின் பிரதிகளையும் சேர்த்து வையுங்கள். காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதியும்போது இவை உதவும்.

மாதிரி கொடுப்பதால், அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அடையாளம் கண்டு தருவதாகச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.