மாமாவின் மின்சாரக் காரும் என் கணக்கு நோட்டும்

(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

“கிலோமீட்டருக்கு அறுபது காசுதான் ஐயா!” என்று சொல்லித்தான் என் தாய்மாமாவுக்கு அந்தக் காரை விற்றார்கள். மாமா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு மின்சாரக் கார் வாங்கினார். வாங்கிய மறுநாள் என்னைக் கூப்பிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். “மாப்பிள்ளை, நம்ம வீட்டுல காலேஜுக்குப் போனவன் நீ ஒருத்தன்தான். அறுபது காசா, ஆறு ரூபாயா, நீ எழுதிப் பார்த்துச் சொல்லு” என்றார். அந்த நோட்டிலிருந்து எடுத்ததே இக்கட்டுரை. காரின் பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும். ஆதலால் அதை விட்டுவிடுகிறேன்.

கார் ஆடம்பரத்துக்காக வந்ததன்று. அத்தைக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் இருமுறை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 105 கிலோமீட்டர். பஸ்ஸில் அத்தையால் முடியவில்லை. வாடகைக் காருக்கு ஒரு நடைக்கு 3,500 ரூபாய் கொடுத்து வந்தார் மாமா.

மின்சாரக் கார் புதுமையானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார் மின்சாரக் கார்தான். 1899-ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டுக் கமில் ஜெனாட்ஸி அதை ஓட்டினார். நம் நாட்டில் 1993-இல் ‘லவ்பேர்டு’ என்ற இருவர் அமரும் மின்சாரக் கார் அறிமுகமாயிற்று; அதைச் செய்த நிறுவனம் கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயமுத்தூரிலும் இயங்கியது. 2001-இல் பெங்களூரிலிருந்து ‘ரேவா’ வந்தது. இவ்விரண்டும் ஈய-அமில பேட்டரியில் ஓடியவை. எடை அதிகம், ஓடும் தூரம் குறைவு. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி மின்கலமே நிலைமையை மாற்றியது. அதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மாமா காரின் பேட்டரி 24 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். அப்படியானால் இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும் அவ்வளவு கனமான பேட்டரி, மூன்று லிட்டர் பெட்ரோலுக்குக்கூட ஈடாகாது! ஆனாலும் கார் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் ஓடுகிறது. காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சின் தான் உண்ணும் ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. மின் மோட்டாரோ பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் பாடத்தில் படித்தது இங்கே தெருவில் ஓடுகிறது.

இனி வீட்டில் சார்ஜ் ஏற்றும் கதைக்கு வருகிறேன். காரோடு வந்த பெட்டியைச் சுவரிலுள்ள 15 ஆம்பியர் ப்ளக்கில் செருக வேண்டும். முதல் நாள் செருகினோம். பச்சை விளக்கு எரியாமல் சிவப்பு விளக்கு எரிந்தது. கார் கெட்டுவிட்டது என்று அத்தை அழாத குறை. வயர்மேன் வந்து பார்த்து, கோளாறு காரில் இல்லை, எர்த்தில் இருக்கிறது என்றார். நம் ஊர் நிலம் பாறை நிலம். கோடையில் மண் காய்ந்தால் எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே மின்தடை கூடிவிடுகிறது. மிக்ஸியும் கிரைண்டரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கார் பொருட்படுத்துகிறது, எர்த் சரியில்லாவிட்டால் ஏற்றிக்கொள்ளவே மறுக்கிறது. புதிதாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் இட்டு, மீட்டரிலிருந்து தடித்த செப்புக் கம்பி தனியாக இழுத்தோம். அந்தச் செலவு 9,000 ரூபாய். கார் விலைப் பட்டியலில் இது கிடையாது.

வெறும் பேட்டரியை இந்த ப்ளக்கில் நிரப்ப எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். இரவில் செருகிவிட்டுப் படுத்தால் காலையில் ஆயத்தமாக இருக்கும். சுவரிலிருந்து எடுக்கும் பத்து யூனிட்டில் ஏறக்குறைய ஒன்பதே பேட்டரியில் சேர்கிறது. மிச்சம் சூடாகப் போய்விடுகிறது. அதற்கும் பணம் நாம்தான் கட்ட வேண்டும்.

அறுபது காசுக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் உயிர்நிலை. ஒரு யூனிட் 4 ரூபாய் 70 காசு, ஒரு யூனிட்டில் எட்டு கிலோமீட்டர், ஆகவே கிலோமீட்டருக்கு அறுபது காசு என்று அவர்கள் வகுத்தார்கள். ஆனால் நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதத்துக்கு எவ்வளவு எரிக்கிறோமோ அதைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி நாங்கள் கட்டுவது இது: முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 கட்ட வேண்டும். 501 முதல் 600 வரை 8.40, அதற்கு மேல் இன்னும் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சரியாக 500 யூனிட் எரித்தால் கட்டணம் 1,805 ரூபாய். 501 யூனிட் எரித்தால் 2,048 ரூபாய் 40 காசு. அதாவது அந்த ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! இதைக் கண்டுபிடித்த அன்று மாமா வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை, தேர்வில் முதல் வகுப்பு வாங்கிய அன்றும் கிடைக்கவில்லை.

கார் வருமுன் மாமா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகும். கட்டணம் 1,081 ரூபாய். கார் 200 யூனிட் சேர்த்தது. மொத்தம் 580 யூனிட், கட்டணம் 2,712. ஆகக் காரின் பங்கு 1,631 ரூபாய். யூனிட்டுக்கு 4.70 என்று சொன்னது 8 ரூபாய்க்கு மேல் வந்து நிற்கிறது. வீட்டில் ஏற்கெனவே எரியும் விளக்குக்கும் விசிறிக்கும் மேல்தான் கார் வந்து உட்காருகிறது. எனவே படிக்கட்டின் உச்சிப் படிகளின் விலையே அதற்கு வாய்க்கிறது. சராசரி விலையைக் காருக்குப் போடுவது பிழை. கணிதத் துறை நண்பர்கள் இதை இன்னும் அழகாகச் சொல்வார்கள்.

இத்துடன் புதுச்சேரி நடைக்கு வெளியே ஏற்ற வேண்டியிருக்கிறது. போய்வர 210 கிலோமீட்டர். பேட்டரி அதற்குப் போதாது. நான்கு நடைக்கும் சேர்த்து 40 யூனிட், வரியோடு யூனிட்டுக்கு 22 ரூபாய் வீதம் 880 ரூபாய். ஆக இரண்டு மாதத்தில் 1,800 கிலோமீட்டருக்கு 2,511 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு. அறுபது காசு அன்று. ஆயினும் பெட்ரோல் காரை நினைத்தால் இது ஒன்றுமேயில்லை. லிட்டருக்கு 18 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 10,000 ரூபாய் ஆகியிருக்கும்.

அப்படியானால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 7,500 ரூபாய் மிச்சம், ஆண்டுக்கு 45,000. இதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மாமா கூடுதலாகக் கொடுத்தது மூன்று லட்சம். அது திரும்பி வர ஆறே முக்கால் ஆண்டு ஆகும் என்று சொன்னேன். மாமாவுக்கு வயது 61. சற்று நேரம் பேசாமலிருந்தார். “பேட்டரிக்கு எட்டு வருஷம் கேரண்டி போட்டிருக்கான் இல்ல?” என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். எஞ்சின் ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக் என்ற செலவுகள் இக்காருக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இன்ஷூரன்ஸ் கூடுதல் என்பதை மறுநாள்தான் சொன்னேன்.

ஓட்டும் அனுபவத்தைப் பற்றி மாமாவைக் கேட்டால் பேச்சு நிற்காது. டீசல் பஸ்ஸில் கியரோடு மல்லுக்கட்டிய கை இப்போது சும்மா கிடக்கிறதாம். சத்தமே இல்லாததால் கிரிவலப் பாதையில் மாடும் சாமியாரும் ஒதுங்குவதில்லை. பின்னாலேயே பொறுமையாக ஊர்ந்து போகிறார். ஒருமுறை போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு ஜமுனாமரத்தூர் போனோம். எங்களோடு சேர்த்துக் காரின் எடை 1,450 கிலோ என்றால், ஒவ்வொரு நூறு மீட்டர் உயரம் ஏறவும் ஏறக்குறைய 0.4 யூனிட் தனியாக வேண்டும். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் வந்துவிடும். பேட்டரி முள் இறங்குவதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. பிரேக்கை அதிகம் மிதிக்காமலே மலை இறங்கியதுதான் மாமாவுக்குப் பெரிய அதிசயம்.

ஆனால் கடந்த மே மாதத்து ஒரு நாளை நோட்டில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று புதுச்சேரியில் நாங்கள் வழக்கமாக ஏற்றும் இடத்தில் நீண்ட வரிசை. அத்தை களைத்துப் போயிருந்தார். திண்டிவனத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று 58 சதவீதத்தோடு கிளம்பிவிட்டோம். அங்கே இயந்திரம் வேலை செய்யவில்லை. கைப்பேசியில் மட்டும் ‘தயார்’ என்று காட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கு இன்னும் 67 கிலோமீட்டர். பேட்டரியில் இருந்தது அதற்குச் சரியாக இருக்கும், அல்லது இருக்காது. ஏ.சி.யை நிறுத்தினோம். வேகத்தை ஐம்பதுக்குக் குறைத்தார் மாமா. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் அது நல்ல பலன் தரும். ஆனால் வெளியே அக்கினி நட்சத்திரம். அத்தை ஜன்னலில் தலை சாய்த்தபடி வந்தார்.

செஞ்சிக்கு முன்னால் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. மாமா இறங்கிப் போய்ப் பேசினார். கடைக்காரர் மாவு அரைக்கும் கிரைண்டரின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தார். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டு அத்தையைப் படுக்க வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் ஆறு யூனிட் ஏறியது. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடப் போதும். “எவ்வளவு தம்பி ஆச்சு?” என்றார் கடைக்காரர். ஆறு யூனிட் என்றேன். கடை மின்சாரத்துக்கு விலை அதிகம். மாமா நூறு ரூபாய் கொடுக்க, அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அத்தை படுத்தவாறே சொன்னார்: “பஸ்ஸுல வந்திருந்தா இந்நேரம் வீட்டுல சோறு வடிச்சிருப்பேன்.” மாமா பதில் பேசவில்லை.

அன்றைய கணக்கு நோட்டில் இப்படி இருக்கிறது: வெளியே ஏற்றியது 6 யூனிட், 100 ரூபாய். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எந்தப் பத்தியில் எவ்வளவு போடுவது? பெட்ரோல் காராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் பங்கிலிருந்து கிளம்பியிருப்போம்.

அதன்பின் மாமா தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். ஜிப்மரில் அத்தையை இறக்கிவிட்டு முதலில் சார்ஜ் ஏற்றப் போகிறார். சோதனைகள் முடியும் வரை கார் நின்று நிரம்புகிறது. 80 சதவீதத்துக்குக் குறைந்து புதுச்சேரியை விட்டுக் கிளம்புவதில்லை. பௌர்ணமியும் மருத்துவமனைத் தேதியும் அடுத்தடுத்து வந்தால் இன்னொரு தொல்லை: கிரிவலக் கூட்டத்துக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டால் கார் தெருவுக்குள் வர முடியாது. வேறு தெருவில் நிறுத்தினால் அங்கே நம் ப்ளக் இல்லை, நம் எர்த் இல்லை. இந்தக் காருக்கு எரிபொருள் பங்கில் இல்லை, வீட்டில் இருக்கிறது. வாடகை வீட்டில் மாடியில் குடியிருக்கும் என் அப்பா இதை வாங்க நினைத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தெரிந்த வழி, தெரிந்த தூரம், சொந்த வாசல் உள்ள மாமாவுக்கு இது பொருந்துகிறது.

மின் கட்டணம் 500 யூனிட்டைத் தாண்டாமல் இருக்க வழியுண்டா என்று இப்போது மாமா கேட்கிறார். காரின் 200 யூனிட்டில் 80-ஐக் குறைக்க வேண்டும். அந்த எண்பதின் விலை 907 ரூபாய். வெளியே ஏற்றினால் அதைவிடக் கூடுதலாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மொட்டை மாடியில் சூரியத் தகடு வைத்தால் எப்படி என்று அடுத்த பக்கத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் மிச்சமிருக்கிறது.

வியாழக்கிழமை மறுபடியும் ஜிப்மர். புதன்கிழமை மாலை துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மீதிக் குடத்தை எர்த் குழியில் ஊற்றுவது அத்தையின் வேலை. மாமா ப்ளக்கைச் செருகிப் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்த பிறகே சாப்பிட உட்காருவார்.